பங்காக் கயிறும் கணினி விசிறியும்

மேசைக் கணினியின் விசிறி ஓயாது இரைகின்றதே, அதனை அடக்க வழி யாது என்று அலுவலகங்களில் இன்று பலரும் வினவுகின்றனர். வினா புதிதன்று. காற்றும் வேண்டும், ஓசையும் கூடாது என்பது வெப்ப நாட்டில் மேசைமுன் அமர்ந்து வேலை செய்தோரின் பழைய ஆசை. அவ்வாசையை முற்காலத்தில் எவ்விதம் நிறைவேற்றிக்கொண்டனர் என்பதை அறிந்தால், இக்கால வினாவுக்கும் நேரிய விடை கிடைக்கும்.

ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவிலும் மலாயாவிலும், துரைமாரின் பங்களாக்களிலும் நீதிமன்றங்களிலும் பங்கா தொங்கியது. மேற்கூரையில் ஒரு நீண்ட சட்டம். அதில் துணியோ பாயோ. சுவர்த் துளை வழியே தாழ்வாரத்துக்குச் செல்லும் ஒரு கயிறு. அக்கயிற்றின் மறுமுனையில் ஒரு மனிதன்! உள்ளே இருந்தவருக்குக் காற்று வந்தது, இரைச்சல் இல்லை, இழுப்பவன் முகமும் தெரியவில்லை. இரவெல்லாம் இழுத்துக் களைத்து அவன் கண்ணயர்ந்தால், பங்கா நின்றுபோகும், துரை விழித்துக்கொள்வார், வசையும் அடியும் விழும். இந்தியாவில் அவ்வாறு அடிபட்டு மாண்ட கூலிகள் உண்டு. மாண்டவனின் மண்ணீரல் முன்னமே வீங்கியிருந்தது என்று வைத்தியச் சாட்சியம் சொல்லி, அடித்தவர் இலேசான தண்டனையுடன் தப்பிய வழக்குகளும் சரித்திரத்தில் உள்ளன. அறைக்குள் நிலவிய அமைதியின் விலை இதுவே.

1882ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிலிப் டீல் என்பவர், தையல் இயந்திரத்துக்கு அமைத்த மின்மோட்டாரைக் கொண்டு கூரை விசிறி செய்தார். பினாங்கின் ஜார்ஜ் டவுனுக்கு 1904இல் மின்சாரம் வந்தது. நாளடைவில் பங்காக் கயிறு அவிழ்ந்தது. தாழ்வாரத்து மனிதன் விடுதலை பெற்றான். அறைக்குள் மோட்டாரின் ஓசை குடியேறியது. இலாபம் எப்பக்கம் என்று சொல்லவும் வேண்டுமோ?

நிற்க. கணினிக்கு விசிறி எதற்கு? உள்ளே பாயும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகின்றது. 1946இல் அமெரிக்காவில் வெளிப்படுத்தப்பட்ட எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. பெரிய ஊதிகளைக் கொண்டே அதனைக் குளிர்வித்தனர். பின்னர்ச் சில்லுகள் தோன்றி, இயந்திரம் சிறுத்தது. 1972இல் இன்டெல் நிறுவனம், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை நம் பினாங்கின் பாயான் லெப்பாஸில் நிறுவியது. இளம்பெண்கள் நுண்ணோக்கியில் கண் பதித்து, மயிரினும் மெல்லிய கம்பிகளைச் சில்லுகளில் இணைத்த காலம் அது. 1981இன் ஐபிஎம் மேசைக் கணினியில், மின்வழங்கிப் பெட்டியில் மட்டுமே விசிறி இருந்தது. 1993இன் பெண்டியம் சில்லு சுமார் 15 வாட் வெப்பம் உமிழ்ந்ததால், அதன் தலைமேலேயே விசிறி ஏறியது. இன்றைய மேசைக் கணினிச் சில்லுகளிற் பல 65 வாட்டும் அதற்கு மேலும் உமிழ்கின்றன.

ஓசை கூடாதென்று விசிறியையே விலக்கியவரும் உண்டு. 1980இல் வெளிவந்த மூன்றாம் ஆப்பிள் கணினி விசிறியின்றி அமைந்தது. சூடேறிப் பழுதாகும் இயந்திரம் என்ற கெட்ட பெயருடன் 1984இல் நின்றுபோயிற்று. வெப்பத்துக்கு வழி விடாமல் விசிறியின் வாயை மட்டும் அடைப்பது, பசிக்கு அழும் பிள்ளையின் வாயைப் பொத்துவது போலாகும்.

ஆயின் செய்யத்தக்கது யாது? ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். ஓசையோ ஏறக்குறைய 15 டெசிபெல் குறையும். 10 டெசிபெல் குறைந்தாலே செவிக்குப் பாதியாகத் தோன்றும். குறையும் காற்றை அகலத்தால் ஈடு செய்யலாம். 120 மில்லிமீட்டர் விசிறியின் வட்டப் பரப்பு, 80 மில்லிமீட்டர் விசிறியினதைப் போல் இரண்டேகால் மடங்கு. ஆகவே பெரிய விசிறியை மெல்லச் சுழற்றுக, சிறியதை விரட்டாதீர். கெப்பாலா பத்தாஸ் பக்கத்துத் தோட்ட அலுவலகமொன்றில் கிராணியாக உள்ள எனக்குப் புழுதியின் வல்லமை நன்கு தெரியும். உலோகத் தகடுகளின் இடுக்கில் அது பஞ்சுபோல் அடைந்தால், விசிறி எவ்வளவு சுழன்றும் பயனில்லை. மின்சாரத்தை நிறுத்தி, தூரிகையால் அதனை நீக்குக. சில்லுக்கும் தகட்டுக்கும் இடையே காய்ந்த வெப்பக் களிம்பைத் துடைத்துப் புதிது இடுக. நான்கு கம்பி விசிறியாயின், வெப்பத்துக்கேற்ப வேகம் கூடிக் குறையுமாறு அமைக்க. திருகாணிக்குப் பதில் ரப்பர் முளை பொருத்தினால் பெட்டி அதிராது.

சிலர் வேறொரு சுருக்குவழி கைக்கொள்வர். இரையும் பெட்டியை அடுத்த மேசைக்காரர் காலடிக்குத் தள்ளிவிடுவர். குளிர்சாதனத்தின் அனலும் ஓசையும், வெளியே வேலை செய்வோர்மேல் வீசும்படி வைப்பர். இது விஞ்ஞானமன்று; பழைய பங்காக் கயிறே. ஓசை குறையவில்லை, ஏழையின் பக்கம் இடம் மாறியிருக்கின்றது. வெப்பம் எங்கே பிறக்கின்றது, எவ்வழியே தடைபடுகின்றது என்று ஆராய்ந்து நீக்குவதே அறிவின் வழி. ஒருவர் அமைதிக்கு மற்றொருவர் செவியும் உடலும் விலையாகாத நாளிலேயே, பங்காக் கயிறு மெய்யாக அவிழ்ந்ததெனச் சொல்லலாம்.