மருதம் திரிந்த மண்

முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு திரிந்து பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். அதைக் கற்பிக்கும்போதெல்லாம் நான் வன்னியையே நினைக்கிறேன். இங்கே மருதம் திரிந்தால் பாலை நிலம் தோன்றுவதில்லை. பாலைமரக் காடு தோன்றுகிறது.

குளக்கட்டு உடைந்து உழவர் அகன்றால், வயலில் முதலில் புல் படரும். பிறகு முட்பற்றை எழும். நெடுங்காலத்தின் பின் பாலையும் வீரையும் ஓங்கும். யானை அங்கே உலாவும். சூழற்றொகுதி அழிவதில்லை, அதன் குடிகள் மாறுகின்றன.

அம்மாற்றத்தில் நுளம்புக்கும் பங்குண்டு. பிரித்தானியர் காலத்தில் காய்ச்சல் வன்னிக் கிராமங்களைத் தேய்த்தது. 1946 இல் டி.டி.ரி. தெளிப்புத் தொடங்கி, மலேரியா ஒடுங்கிய பின் வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற பழங்குளங்கள் புத்துயிர் பெற்றன, குடியேற்றங்கள் எழுந்தன. 1963 இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேரே. தெளிப்புத் தளர்ந்தது, 1968–69 இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. 2016 இல்தான் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது.

போர் மக்களைப் பெயர்த்தபோதும் பற்றைக்காடு வயலுக்குள் வந்தது. வன்னியின் வரலாற்றைப் பண்டாரவன்னியனின் வாளோடு நாம் நிறுத்திவிடுகிறோம். குளக்கட்டுக்கு மண் சுமந்தவர்களின் கதையையும் அதில் எழுதவேண்டும்.