வேலைவாய்ப்பும் பொய்யறி கருவியும்

தொழில் ஒன்றிற்கு விண்ணப்பிக்கும் ஒருவரிடம் கல்விச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் சான்று, பொலிஸ் நற்சான்று என்பன கோரப்படுவது எமது நாட்டில் வழமையானதாகும். உலகின் சில நாடுகளில், சில துறைகளில், இவற்றுக்கு மேலதிகமாக இன்னொன்றும் கோரப்படுகின்றது. 'பொலிகிராப்' எனப்படும் பொய்யறி கருவிப் பரிசோதனையே அதுவாகும். வாகரை, கதிரவெளி, பனிச்சங்கேணி முதல் ஓட்டமாவடி, ஏறாவூர், காத்தான்குடி வரையில் வெளிநாடுகளிலும் வெளிநாட்டு நிறுவனங்களிலும் தொழில் தேடும் இளைஞர் யுவதிகள் பலர் உள்ளனர். அவர்கள் இப்பரிசோதனை பற்றிச் சரியாக அறிந்திருப்பது அவசியம் என நாம் கருதுகின்றோம்.

இக்கருவியின் வரலாறு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டைக் கொண்டது. பொய் சொல்லும் போது இரத்த அழுத்தம் உயர்கின்றது என்ற கருத்தை அமெரிக்க உளவியலாளரான வில்லியம் மார்ஸ்டன் முன்வைத்தார். 1921 இல் கலிபோர்னியாவின் பேர்க்லி நகரப் பொலிஸில் கடமையாற்றிய ஜோன் லார்சன், இரத்த அழுத்தத்தையும் சுவாசத்தையும் தொடர்ச்சியாகப் பதிவு செய்யும் கருவியை உருவாக்கினார். அவரைத் தொடர்ந்து லெனார்ட் கீலர் அதனை மேம்படுத்தி, பொலிஸாரிடமும் வர்த்தக நிறுவனங்களிடமும் பரப்பினார்.

பரிசோதனை நடைபெறும் முறை இதுதான். மார்பிலும் வயிற்றிலும் சுவாசத்தை அளக்கும் பட்டிகள் கட்டப்படும். மேற்கையில் இரத்த அழுத்தப் பட்டி சுற்றப்படும். விரல்களில் வியர்வையின் மாற்றத்தை உணரும் தகடுகள் பொருத்தப்படும். கேட்கப்படவுள்ள கேள்விகள் பெரும்பாலும் முன்கூட்டியே வாசித்துக் காட்டப்படும். அவற்றுள் விடயத்துடன் நேரடியாகத் தொடர்புடைய கேள்விகளும், ஒப்பிடுவதற்காகச் சேர்க்கப்படும் பொதுவான கேள்விகளும் அடங்கும். 'ஆம்', 'இல்லை' என்று மட்டுமே விடையளிக்க வேண்டும். இருவகைக் கேள்விகளுக்கும் உடல் காட்டும் மாற்றங்களை ஒப்பிட்டே பரிசோதகர் தமது முடிவைத் தெரிவிப்பார்.

இங்கு கவனிக்க வேண்டிய அடிப்படை உண்மை ஒன்றுண்டு. இக்கருவி பொய்யை அளப்பதில்லை. உடலில் ஏற்படும் பதற்றத்தையே அளக்கின்றது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது எம்மவர் பழமொழி. ஆனால், குறுகுறுக்கும் நெஞ்செல்லாம் குற்றமுள்ள நெஞ்சாகிவிடாது. அச்சம், அவமானம், கோபம், நோய் ஆகியனவும் நாடித் துடிப்பை மாற்றக் கூடியவை. மறுபுறத்தில், பதறாமல் பொய் சொல்லப் பழகியவர்களைக் கருவி கண்டுகொள்வதில்லை. அமெரிக்க உளவு நிறுவனமான சீ.ஐ.ஏ.யில் பணியாற்றியவாறே சோவியத் ஒன்றியத்துக்கு இரகசியங்களை விற்ற ஓல்ட்ரிச் ஏம்ஸ், 1986 இலும் 1991 இலும் இப்பரிசோதனையில் சித்தியடைந்தார். அவர் 1994 இலேயே கைது செய்யப்பட்டார்.

அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் 2003 இல் வெளியிட்ட விரிவான அறிக்கை இவ்விடயத்தில் முக்கியமானது. பத்தாயிரம் ஊழியர்களுள் பத்துப் பேர் உளவாளிகள் எனக் கொள்வோம். அப்பத்துப் பேரில் எட்டுப் பேரைப் பிடிக்கும் அளவுக்குக் கருவியின் முடிவெல்லையை இறுக்கினால், 1,606 பேர் பரிசோதனையில் தோற்றுப் போவர். அவர்களுள் 1,598 பேர் எக்குற்றமும் செய்யாதவர்கள். இருந்தும் இரண்டு உளவாளிகள் தப்பிவிடுவர். இது கருவியின் திறனைத் தாராளமாக மதிப்பிட்டுச் செய்யப்பட்ட கணக்காகும். நடந்த ஒரு திருட்டைப் பற்றி விசாரிப்பதை விட, என்ன தவறு என்றே குறிப்பிடாமல் விண்ணப்பதாரிகள் அனைவரையும் சோதிப்பது இன்னும் நம்பகமற்றது எனவும் அவ்வறிக்கை கூறியது.

இக்காரணங்களினாலேயே பல நாடுகள் இதற்குக் கட்டுப்பாடு விதித்துள்ளன. அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 1923 ஆம் ஆண்டிலேயே மார்ஸ்டனின் பரிசோதனையைச் சாட்சியமாக ஏற்க மறுத்தது. 1988 இல் அந்நாட்டில் இயற்றப்பட்ட சட்டம், பெரும்பாலான தனியார் நிறுவனங்கள் வேலைக்கு விண்ணப்பிப்போரிடம் இப்பரிசோதனையைக் கோருவதைத் தடை செய்தது. அரச நிறுவனங்களுக்கும், பணப் பாதுகாப்புச் சேவை போன்ற சில துறைகளுக்கும் விதிவிலக்கு அளிக்கப்பட்டது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1983 இல் தனிச் சட்டமே கொண்டு வந்தது. எமது உறவுகள் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் தொழில் வழங்குநர்கள் இப்பரிசோதனையைக் கோர முடியாது. பொலிஸ் சேவைக்கு விண்ணப்பிப்போருக்கும் அங்கு இப்பாதுகாப்பு உண்டு.

அயல்நாடான இந்தியாவில், 2010 மே 5 ஆம் திகதி உச்ச நீதிமன்றம் 'செல்வி எதிர் கர்நாடக மாநிலம்' என்ற வழக்கில் வழங்கிய தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. ஒருவரின் சம்மதமின்றி இப்பரிசோதனையை நடத்துவது, தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல நிர்ப்பந்திக்கப்படாமலிருக்கும் உரிமைக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் முரணானது என நீதிமன்றம் கூறியது. சம்மதம் நீதிவான் முன்னிலையில் பதிவு செய்யப்பட வேண்டும் என்ற தேசிய மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 2000 ஆம் ஆண்டு வழிகாட்டலையும் அது வலியுறுத்தியது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே இத்தனை பாதுகாப்பு உண்டெனில், வேலை கேட்டு வந்தவருக்கு அதைவிடக் குறைந்த பாதுகாப்பு எவ்வகையில் நியாயமாகும்?

இலங்கையிலும் இச்சிந்தனை புதியதன்று. பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் கோட்பாடாகும். அச்சத்தின் பிடியில் பெறப்படுவது உண்மையாக இருக்கும் என்று நம்ப முடியாது என்பதே அதன் உட்பொருள். 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்பாதுகாப்பைத் தளர்த்தியதன் விளைவுகளைத் தமிழ், முஸ்லிம் மக்கள் இரு சாராரும் அனுபவித்துள்ளனர்.

எமது பிரதேசத்துக்கு இவ்விடயம் ஏன் முக்கியமானது? வாகரை மக்கள் 2004 இல் ஆழிப்பேரலையையும், 2006 இல் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்தோர் மீதான எறிகணை வீச்சையும், அதனையடுத்த இடப்பெயர்வையும் கண்டவர்கள். காத்தான்குடி, ஏறாவூர் மக்கள் 1990 ஆகஸ்ட் படுகொலைகளின் நினைவையும், 2019 ஏப்ரலுக்குப் பின்னரான சந்தேகப் பார்வைகளையும் சுமப்பவர்கள். மூடிய அறையில், அதிகாரி ஒருவரின் முன்னால் இருத்தப்பட்டால், குற்றமற்ற போதிலும் இவர்களது நெஞ்சு படபடக்காதா? சமூகத்தில் சந்தேகத்துடன் நோக்கப்படும் பிரிவினரின் உடல் இத்தகைய சூழலில் வேறுவிதமாக எதிர்வினை காட்டக்கூடும் என்பதை 2003 ஆம் ஆண்டின் மேற்படி அறிக்கையும் கவனத்திற் கொண்டிருந்தது.

மொழியும் ஒரு தடையாகும். "நீங்கள் பணம் எடுக்கவில்லையா?" என்ற கேள்விக்கு எம்மவர் "ஆம்" என்றால், எடுக்கவில்லை என்பதே பொருளாகலாம். ஆங்கிலத்தில் அது நேர்மாறாக விளங்கிக் கொள்ளப்படும். "ஆயுதக் குழு எதனுடனாவது தொடர்பு இருந்ததா?" என்ற கேள்வியும் அவ்வாறானதே. 2007 வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த ஊரில் வாழ்ந்தவர், அவர்களது சோதனைச் சாவடியைக் கடக்காமல், அவர்களிடம் அனுமதி பெறாமல் வாழ்ந்திருக்க இயலாது. நேர்மையானவர் அக்கேள்விக்கு ஒரு கணம் யோசிக்கவே செய்வார். அந்த ஒரு கணத் தயக்கமே அவருக்கு எதிரான பதிவாகிவிடும்.

எனவே, இப்பரிசோதனையை எதிர்கொள்ள நேரும் விண்ணப்பதாரிகள் சிலவற்றை மனதிற் கொள்ள வேண்டும். பரிசோதனை கட்டாயமானதா, மறுத்தால் என்ன விளைவு, முடிவு யாரிடம் எவ்வளவு காலம் இருக்கும் என்பவற்றை எழுத்தில் கேட்டறிய வேண்டும். விளங்காத மொழியிலுள்ள சம்மதப் படிவத்தில் கையொப்பமிடலாகாது. தகுதியான மொழிபெயர்ப்பாளரைக் கோர வேண்டும். இருதய நோய், கர்ப்பம், உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றை முன்னரே தெரிவிக்க வேண்டும். கருவியை ஏமாற்றக் கற்றுத் தருவதாகக் கூறிப் பணம் கேட்போரை நம்பலாகாது. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் நடைபெறும் உரையாடலில் சொல்லப்படுபவையும் பதிவாகும் என்பதை மறக்கலாகாது. வெளிநாட்டு வேலைக்கு முகவர் ஒருவர் இவ்வாறான பரிசோதனைக்கெனக் கட்டணம் அறவிட முனைந்தால், 1985 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரித்து அறிவதே முறையாகும்.

நம்பிக்கையானவர்களைத் தெரிவு செய்ய விரும்பும் நிறுவனங்களின் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. முன்னைய தொழில் வழங்குநரிடம் விசாரித்தல், சான்றிதழ்களைச் சரிபார்த்தல், தகுதிகாண் காலத்தில் அவதானித்தல் ஆகிய பழைய வழிகள் இன்றும் உள்ளன. அவற்றில் தவறு நேர்ந்தால் விண்ணப்பதாரி மறுத்துரைக்கலாம். கருவியின் வரைகோட்டை மறுத்துரைக்க அவருக்கு வழியில்லை. எமது நாட்டுத் தொழிற் சட்டங்களிலும், தொழில் விண்ணப்பதாரிகளை இப்பரிசோதனையிலிருந்து பாதுகாக்கும் தெளிவான ஏற்பாடு சேர்க்கப்பட வேண்டும். கிழக்கின் தமிழ், முஸ்லிம் மக்கள் பிரதிநிதிகள் இணைந்து முன்வைக்கக் கூடிய கோரிக்கை இதுவாகும்.