கால் பிறகு நடந்ததா? எலும்பு, மூட்டுச் சத்திரசிகிச்சையின் எழுதப்படாத பக்கம்

உப்புவெளியில், நிலாவெளி வீதியோரமாக இருக்கிற யுத்த மயானத்தை பஸ்ஸில் போகும்போது நம்மில் பலரும் கண்டிருப்போம். இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்தவர்களின் பெயரும் படைப்பிரிவும் இறந்த திகதியும் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 1917இல் வேறு பெயரில் தொடங்கிய பொதுநலவாய யுத்தக் கல்லறைகள் ஆணைக்குழு அந்த விவரங்களைப் பதிவேட்டிலும் காத்து வருகிறது. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கின. அதே நாளில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. தப்பியவர்களை வீட்டா என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் ஏற்றிச் சென்றது. மௌத்தானவரின் பெயர் கல்லில் உண்டு. காலுடைந்து பிழைத்தவர் பிறகு நேராக நடந்தாரா, நொண்டினாரா என்பதை எந்தக் கல்லில் தேடுவது?

எலும்பு வைத்தியத்தின் வரலாறு பெரும்பாலும் பொருத்தியவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. பொருத்திய பின் போய்ப் பார்த்தவர்கள் சிலர்தான். அவர்களைப் பற்றியே இக்கட்டுரை.

நமது அறிவு மரபில் இதற்கு முன்மாதிரி உண்டு. ஏறத்தாழ 925இல் காலமான அல்-ராஸி, நோயாளிகளின் நிலையையும் முடிவையும் குறித்து வைத்தார். அவருடைய மாணவர்கள் தொகுத்த அனுபவக் குறிப்பு நூலில் சுமார் 900 நோயாளர்களின் விவரம் இருக்கிறது. அந்தலூஸியாவின் அல்-ஸஹ்ராவி எழுதிய அத்தஸ்ரீப் 30 பாகங்களைக் கொண்டது. அதன் கடைசிப் பாகம் சத்திரசிகிச்சை; அதில் ஒரு பிரிவு முழுவதும் எலும்பு முறிவும் மூட்டு விலகலும்தான். அதன் முன்னுரையில், தேர்ச்சியற்ற வைத்தியர்கள் கத்தி வைத்து நோயாளி இறந்துபோன சம்பவங்களை அவர் மறைக்காமல் சொல்கிறார். வெற்றியை மட்டும் எழுதினால் பின்னால் வருபவன் படிக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நவீன காலத்தில் இதை வற்புறுத்தியவர் பொஸ்டன் நகரின் ஏர்னஸ்ட் கொட்மன். ஒவ்வொரு நோயாளியையும் ஒரு வருடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும், சரிவரவில்லை என்றால் ஏன் என்று எழுத வேண்டும் என்றார். சக வைத்தியர்களுக்கு இது பிடிக்கவில்லை. அவர் தனியாக ஒரு சிறிய ஆஸ்பத்திரி நடத்தினார். 1911 முதல் 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய 337 பேரின் கணக்கை வெளியிட்டபோது, 123 தவறுகளையும் சேர்த்தே அச்சிட்டார். 1940இல் இறந்த அவரது கல்லறைக்குப் பல ஆண்டுகள் பெயர்க்கல்லே இருக்கவில்லை.

இங்கிலாந்தின் ஜோன் சார்ன்லி 1950களின் கடைசியில் இடுப்பு மூட்டில் டெஃப்லோன் கிண்ணம் வைத்தார். வலி பறந்து போனது, ஆட்கள் நடந்தார்கள். அந்த நிலையில் நிறுத்தியிருந்தால் அது ஒரு பெரிய வெற்றிக் கதை. ஆனால் அவர் அவர்களைத் திரும்பத் திரும்ப அழைத்துப் பார்த்தார். சில வருடங்களுக்குள் கிண்ணங்கள் தேய்ந்து, சுற்றியிருந்த திசுவும் கெட்டது. ஏறத்தாழ 300 பேருக்கு வைத்த மூட்டு தோற்றுப் போனது. 1962இல் வேறொரு பிளாஸ்திக்குக்கு மாறினார். அதையும் உடனே மற்றவர்களுக்குக் கொடுக்காமல் பல வருடம் பொறுத்திருந்து பார்த்தார்.

ஒருவர் செய்ததைப் பிறகு நாடுகள் செய்தன. சுவீடன் 1975இல் முழங்கால் மூட்டுக்கும் 1979இல் இடுப்பு மூட்டுக்கும் தேசியப் பதிவேடு தொடங்கியது. அவுஸ்திரேலியாவின் பதிவேடு 1999இல் வந்தது. ஒருவகை உலோக இடுப்பு மூட்டு வழக்கத்தைவிட அதிகமாகத் தோற்பதை அந்தப் பதிவேடே முன்கூட்டிக் காட்டியது. 2010இல் அந்த மூட்டு உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டபோது, ஏறத்தாழ 93,000 பேரின் உடலில் அது இருந்தது.

எண்ணினால் போதுமா? எதைக் கேட்டு எண்ணுகிறோம் என்பதும் முக்கியம். 1998இல் வெளிவந்த ஒக்ஸ்போர்ட் முழங்கால் வினாக்கொத்தில் 12 கேள்விகள். காரில் ஏறி இறங்க ஏலுமா, கடைக்குப் போய்ச் சாமான் வாங்க ஏலுமா, மண்டியிட்டு எழும்ப ஏலுமா என்று அது கேட்கிறது. நிலத்தில் சம்மணமிட்டு இருக்க ஏலுமா என்று கேட்கவில்லை. ஜெய்ப்பூர் கால் பிறந்தது இந்த இடைவெளியில்தான். வெளிநாட்டு மாதிரிச் செயற்கைக் கால் சப்பாத்துக்காகச் செய்யப்பட்டது; வெறுங்காலோடு நடப்பவருக்கும் குந்தி இருப்பவருக்கும் அது உதவவில்லை. கொடுத்த காலை ஆட்கள் ஏன் கழற்றி வைக்கிறார்கள் என்று யோசித்த டொக்டர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் 1968இல் புதிய காலை உருவாக்கினார்கள். அது 1980களில் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்து, யுத்தத்தில் காலிழந்த நம் நாட்டவர் பலரை எழுப்பி நடக்கவிட்டது.

நமது ஊர்ப்பக்க முறிவு வைத்தியரிடம் பின்தொடர்தல் வைத்தியத்தோடு கூடவே வரும். கட்டை அவிழ்த்து, எண்ணெய் பூசி, பத்துப் போட்டு, மறுபடி கட்டும்போது ஒவ்வொரு முறையும் கையால் தடவிப் பார்ப்பார். ஆனால் எழுதி வைப்பதில்லை. அவர் போனால் அனுபவமும் போய்விடும். ஆஸ்பத்திரியில் எழுதுவார்கள்; நாம்தான் போவதில்லை. "கால் சரிதானே, இனி எதுக்கு கிளினிக்?" என்று நின்றுவிடுகிறோம். 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவிலிருந்து வந்து போக 'பாதை'க்குக் காத்திருக்க வேண்டியிருந்தது என்று அதற்குக் காரணம் சொல்லலாம். இப்போது அந்தக் காரணமும் இல்லை. வைத்த மூட்டு இளகுவதை வலி வருமுன்பே எக்ஸ்ரே காட்டக்கூடும். கிருமித் தொற்று வருடங்கள் கழித்தும் வரலாம்.

நமது பள்ளிவாசல்களில் ஸப்பின் ஓரத்துக் கதிரைகளைப் பாருங்கள். இயலாதவர் இருந்து தொழ மார்க்கம் இடம் தருகிறது, அதில் குறையில்லை. ஆனால் அவர்களில் எத்தனை பேர் சத்திரசிகிச்சைக்குப் பிறகு கதிரைக்கு வந்தவர்கள், எத்தனை பேர் கதிரையை விட்டு மறுபடி ஸுஜூதுக்குப் போனவர்கள்? இதைக் கேட்டு எழுத பல்கலைக்கழகம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வீட்டில் மூட்டு மாற்றிய உம்மாவோ வாப்பாவோ இருந்தால், கிளினிக் கொப்பியையும் எக்ஸ்ரே படத்தையும் பத்திரமாக வையுங்கள். வைத்த மூட்டின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் வருடம் ஒருமுறை இரண்டு வரி சேருங்கள்: வலி இருக்கிறதா, நிலத்தில் இருந்து எழும்ப முடிகிறதா? அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டுங்கள்.