புழற்கோட்டத்துக் கரையின் விளக்குகள்

தொண்டைநாட்டின் 24 கோட்டங்களுள் ஒன்றாகிய புழற்கோட்டம், இன்று ஏரியாலும் சிறைச்சாலையாலுமே பலருக்கு அறிமுகமாகியிருப்பினும், முற்காலத்தில் திருவொற்றியூரையும் அதன் கடற்கரையையும் தன்னகத்தே கொண்டிருந்ததென்பது சாசனங்களால் விளங்கும். இந்நாட்டையாண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடவந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்றுத் துறையை வருணிக்குமிடத்து, ஏணி சார்த்திய, ஏறுதற்கரிய, கூரை வேயாத மாடத்தின்மேல் இரவில் ஏற்றிய விளக்கொன்று கடலில் வரும் கலங்களை அழைத்த காட்சியைச் சொல்கின்றார். ஆயின் அதற்கு எண்ணெய் வார்த்தவர் யார், திரியைத் தூண்டியவர் யார் என்பதை அவர் கூறவில்லை. விளக்கின் சரித்திரம் அதனைப் பேணியவர்களின் சரித்திரமே என்று கருதும் எனக்கு இக்குறை பெரிதாகவே படுகின்றது.

அக்குறையைத் திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் ஆலயத்துக் கல்வெட்டுகள் ஒருவாறு தீர்க்கின்றன. அவை கூறும் விளக்குகள் கடலுக்காக ஏற்றப்பட்டவையல்ல, சந்நிதிக்காக ஏற்றப்பட்டவை. எனினும் ஒரு சுடர் அணையாதிருக்க எத்தனை கைகள் வேண்டுமென்பதை அவற்றைப்போல் தெளிவாகக் காட்டுவன வேறில்லை. பல்லவர் காலத்திலும் சோழர் காலத்திலும் நந்தாவிளக்கு ஒன்றுக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் தானமாக விடப்பட்டன. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர், கிழடானதைக் கழித்துக் குட்டியைச் சேர்த்து மந்தையின் தொகை குறையாமல் காத்து, நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டனர். சாவாமல் மூவாமல் நிற்கும் பேராடுகள் என்று சாசனங்கள் அவற்றைக் குறிப்பது இதனாலேயே. சந்திராதித்தர் உள்ளவரை நடக்கவேண்டிய தருமத்தை ஒரு மந்தையின் இனப்பெருக்கத்தில் கட்டிவைத்த அறிவை நான் வியக்கின்றேன்.

இனிக் கடலுக்காக ஏற்றிய விளக்குக்கு மீள்வோம். இயற்கைத் துறைமுகமற்ற சென்னைக் கரையில் கப்பல்கள் அலைக்கப்பால் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகளே ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்தன. அத்தகைய கரைக்கு 1796-இல் கோட்டையினுள் இருந்த மாளிகையொன்றின் உச்சியில் எண்ணெய் விளக்கு ஏற்றப்பட்டது. 1844 முதல் கோட்டைக்கு வடக்கேயுள்ள கருங்கல் தூணிலும், 1894 முதல் உயர்நீதிமன்றத்தின் பெரிய கோபுரத்திலும் அது எரிந்தது.

கரைவிளக்கு நண்பனென்றும் பகைவனென்றும் பேதம் பாராது. 1914 செப்டம்பர் 22 இரவு, வான் முல்லரின் தலைமையில் வந்த எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல், யுத்த காலத்திலும் வழக்கம்போல் ஒளிர்ந்த பட்டணத்தைக் கண்டு அணுகித் துறைமுகத்தருகே இருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. தான் மூட்டிய அத்தீயை வெகுதூரம் சென்றபின்னும் அக்கப்பலினர் கண்டனர்.

1927-இல் இயற்றப்பெற்ற கலங்கரை விளக்கச் சட்டம், விளக்கின் செலவைத் துறைக்கு வரும் கப்பல்களிடமே அவற்றின் கொள்ளளவுக்கேற்பத் தீர்வையாக வசூலிக்க வகைசெய்தது. ஒளியின் பயனைத் துய்ப்பவரே அதற்கு எண்ணெய் வார்க்கவேண்டுமென்னும் இம்முறை நியாயமானதே; ஆயினும் தன் பெயரைக் கல்லில் பொறித்து 90 ஆடுகளை விட்டுச்சென்றவன், தான் காணப்போகாத இரவுகளுக்காகவும் கொடுத்தான்.