கறுப்பு உடையும் கழற்றாத தாலியும்

போன தீபாவளி விடுமுறையில் ஓர் ஆங்கில நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன். டியானா ரேபர்ன் எழுதிய ‘சைலண்ட் இன் த கிரேவ்’. அம்மா அடுப்படியில் முறுக்கு சுட்டுக்கொண்டே, “என்னடா கதை?” என்று கேட்டார்.

“லண்டன்ல ஒரு பணக்கார வீட்டம்மா. புருஷன் திடீர்னு செத்துடுறாரு. அது கொலைன்னு ஒருத்தர் வந்து சொல்றாரு. கடைசியில அந்தம்மாவே துப்பறிய இறங்கிடுறாங்க.”

அம்மா முறுக்கைத் திருப்பிப் போட்டார். “அது சரி. அவ துப்பறியப் போயிட்டா சோறு யாரு போடுறா?”

சிரித்துவிட்டு மறுபடி புத்தகத்துக்குள் போனேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அம்மா எந்த இலக்கிய விமர்சனமும் படித்தவர் அல்ல. இருந்தும் அந்த வகை நாவல்கள் மொத்தமும் எதன்மேல் நிற்கின்றனவோ, அந்த இடத்தில் சரியாகக் கையை வைத்துவிட்டார் என்று பிறகுதான் புரிந்தது.

விக்டோரியா காலத்து விதவை துப்பறிவது இன்று வரலாற்று மர்ம நாவல்களில் ஒரு தனிக் கிளை. டாஷா அலெக்ஸாண்டரின் லேடி எமிலி, ரேபர்னின் லேடி ஜூலியா என்று வரிசை நீளும். ஆனால் இவர்கள் புதிதாக முளைத்தவர்கள் இல்லை. 1864-லேயே லண்டனில் ‘ரெவலேஷன்ஸ் ஆஃப் எ லேடி டிடெக்டிவ்’ என்ற கதைப் புத்தகம் வந்துவிட்டது. கதை சொல்லும் மிஸஸ் பாஸ்கல் நாற்பதை நெருங்கும் விதவை. கணவர் திடீரென்று இறந்து, கையில் காசில்லாமல் போனதால் போலீஸ் துப்பறியும் வேலைக்கு வருகிறார். ஒரு கதையில் குற்றவாளியைப் பின்தொடர்ந்து தரைக்கடியில் இறங்க வேண்டும். வளையம் வைத்த பாவாடை இடைஞ்சல் செய்கிறது. கழற்றிப் போட்டுவிட்டு இறங்கிவிடுகிறார். லண்டன் பெருநகரப் போலீஸில் உண்மையாகவே பெண்கள் சேர்ந்தது 1919-ல். கற்பனை அரை நூற்றாண்டுக்கு முன்னாலேயே போய் நின்றது.

ஏன் விதவை? ஏன் மனைவியோ மகளோ இல்லை? பதில் சட்டத்தில் இருக்கிறது. அன்றைய ஆங்கிலச் சட்டப்படி, கல்யாணம் ஆன பெண்ணுக்குத் தனி ஆளுமை கிடையாது. அது கணவனின் ஆளுமைக்குள் அடங்கிவிடும். தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளவோ, ஒப்பந்தம் போடவோ, வழக்குத் தொடுக்கவோ அவளால் முடியாது. 1870-லும் 1882-லும் வந்த சொத்துரிமைச் சட்டங்கள்தான் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தின. கன்னிப் பெண் அப்பாவின் பார்வையில் இருந்தாள். விதவையோ தன் கையெழுத்துக்குத் தானே சொந்தக்காரி. துணையில்லாமல் வெளியே போகலாம், ஆண்களிடம் கேள்வி கேட்கலாம். 1861-ல் கணவரை இழந்த மகாராணியே சாகும்வரை, அதாவது 1901 வரை, கறுப்பு உடுத்தினார். எனவே கறுப்பு உடைக்கு ஒரு மரியாதையும் இருந்தது. நாவலாசிரியர்கள் இந்தச் சந்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அதே காலத் தமிழுக்கு வந்தால் படம் வேறு. துப்பறியும் கதை நம்மிடமும் சீக்கிரமே வந்தது. பண்டித நடேச சாஸ்திரியின் ‘தானவன்’ 1894-லேயே வந்துவிட்டது. அதில் துப்பறிபவர் போலீஸ்காரர், ஆண். விதவையும் நம் நாவலுக்குள் சீக்கிரமே வந்துவிட்டாள். அ. மாதவையாவின் ‘முத்து மீனாக்ஷி’ 1903. அதில் அவளுக்கு மறுமணம் நடக்கலாமா என்பதே பிரச்சினை. தமிழில் விதவையைப் பற்றி எல்லாரும் கேள்வி கேட்டார்கள். அவள் எழுந்து மற்றவர்களைக் கேள்வி கேட்பதாக யாரும் எழுதத் துணியவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு என் பூட்டியின் ஞாபகம் வந்தது.

நாங்கள் பத்தாங் பெர்ஜுந்தைக்காரர்கள். 2007-லிருந்து ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். பாட்டியின் வாயில் இன்னும் பழைய பெயர்தான். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ல் நடப்பட்டது எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். ஆனால் பூட்டியின் காலத்தில் எங்கள் குடும்பத்துக்குக் கித்தா மரம்தான் சோறு. விடியுமுன் பெரட்டு, பிறகு பால்வெட்டு, லயத்தில் ஓர் அறை.

1943-ல் பூட்டியின் கணவரைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், அரிசி உண்டு என்று சொல்லித்தான் ஜப்பானியர் தோட்டம் தோட்டமாக ஆள் சேர்த்தார்கள். ஆள் குறைந்தபோது இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி, அப்படியே லாரியில் ஏற்றியதும் நடந்திருக்கிறது. 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1942 கடைசியில் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்துவிட்டார்கள். மலாயாவிலிருந்து மட்டும் போனவர்கள் 70,000-க்கு மேல், பெரும்பாலோர் தமிழர். காலரா, மலேரியா, பசி, அடி. இதையெல்லாம் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ நாவல்களைப் படித்தவர்கள் அறிவார்கள்.

ரயில்தான் அந்த நாவல்களின் மையம். பாட்டி எனக்குச் சொன்னது லயத்தில் மிஞ்சியவர்களின் கதை.

போர் முடிந்து 1945 கடைசியிலும் 1946-லும் ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். எலும்பும் தோலுமாக. எந்தத் தோட்டத்துக்கு யார் திரும்பியிருக்கிறார் என்று செய்தி வந்தாலும் பூட்டி கிளம்பிவிடுவார். புக்கிட் ரோத்தான், ஈஜோக், ரவாங் வரைக்கும். நடை, இல்லையென்றால் யாராவது சைக்கிளில் பின்னால். வேலையில்லாத நாளில் மட்டும்தான் போக முடியும். பால்வெட்டுக்குப் போகாவிட்டால் சம்பளம் இல்லை. வேலை போனால் லயத்து அறையும் போய்விடும். அம்மாவின் கேள்விக்குப் பூட்டியின் வாழ்க்கை சொன்ன பதில் இதுதான்: அவளே மரம் வெட்டி, அவளே சோறு போட்டு, மிச்ச நேரத்தில் துப்பறிந்தாள்.

மூன்று பேர் பூட்டனைப் பார்த்ததாகச் சொன்னார்கள். ஒருவர், பர்மாப் பக்கம் தப்பி ஓடிவிட்டார் என்றார். பூட்டி கேட்ட ஒரே கேள்வி: “எந்தக் கையில பச்ச குத்தியிருந்துச்சு?” வலது கை என்றார் அவர். பூட்டி எழுந்து வந்துவிட்டார். இடது கை. இரண்டாமவர், பாதை முடிந்த பிறகும் உயிரோடு பார்த்தேன் என்றார். ஆனால் முகாமின் பெயரும், கூட இருந்தவர்கள் பெயரும் ஒவ்வொரு தடவையும் மாறின. ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று பூட்டிக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாமவர் அதிகம் பேசவில்லை. மழைக்காலத்தில் காலரா வந்தது, எல்லாரையும் சேர்த்து எரித்தார்கள் என்றார். கடைசியாக, “குஞ்சு குஞ்சுன்னு யாரையோ கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு” என்றார்.

குஞ்சு என்பது என் பாட்டி. அப்போது நாலு வயது. வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாத பெயர்.

அன்றோடு பூட்டி தேடுவதை நிறுத்திவிட்டார். வழக்கு முடிந்தது. நாவலாக இருந்தால் அடுத்த பக்கத்தில் எல்லாரையும் ஒரு கூடத்தில் உட்கார வைத்து உண்மையைச் சொல்லியிருப்பார்கள். பூட்டி தோட்ட ஆபீசுக்குப் போனார். பதிவேட்டில் எழுதி, ஒரு கடுதாசி கொடுங்கள் என்று கேட்டார். கிராணி ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பேரு அப்பவே அடிச்சாச்சும்மா, வேலைய விட்டுப் போனதா இருக்கு” என்றாராம்.

அவ்வளவுதான். ஏட்டின்படி அவர் சாகவில்லை, வேலையை விட்டுப் போய்விட்டார்.

பூட்டி தாலியைக் கழற்றவில்லை. பைத்தியம் பிடித்துவிட்டது என்றும், இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள் பாவம் என்றும் ஊரில் பேசினார்கள். இரண்டும் தப்பு. பாட்டி பெரியவளான பிறகு ஒருநாள் நேராகவே கேட்டிருக்கிறார். பூட்டி சொன்னது: “செத்துட்டாருன்னு எனக்குத் தெரியும். எழுதிக் குடுக்க வேண்டியவன் எழுதிக் குடுக்கட்டும். அப்புறம் கழட்டுறேன்.”

யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 1967-ல் ஜப்பானும் மலேசியாவும் ஆக்கிரமிப்புக் காலத்து ‘ரத்தக் கடனை’த் தீர்க்க ஒப்பந்தம் போட்டன. 2.5 கோடி வெள்ளி மதிப்பு. அது இரண்டு சரக்குக் கப்பல்களாக வந்தது. கப்பலில் லயத்துக்கு என்ன வரும்? தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைகள் ஏறக்குறைய 7,000 இருக்கின்றன. புல் வெட்டி, வரிசை வரிசையாய். தமிழர்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் இல்லை.

நான் ஆலையில் பராமரிப்புப் பொறியாளர். எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு: பதிவேட்டில் ஏறாத பழுது, நடக்காத பழுது. நீ கண்ணால் பார்த்திருக்கலாம், கையால் சரி செய்திருக்கலாம். தேதி, நேரம், கண்டவர் பெயர், கையெழுத்து இல்லையென்றால் அடுத்த விசாரணையில் அது இருக்காது. பூட்டியின் பிரச்சினை துப்பு கிடைக்காதது இல்லை. துப்பை எழுதிக்கொள்ள ஏடு இல்லாததுதான். மிஸஸ் பாஸ்கலுக்கு மேலே ஒரு கர்னல் உட்கார்ந்திருந்தார், அவர் சொன்னதைக் கேட்க. பூட்டிக்கு மேலே கிராணி.

சரி, ஏடு வரைக்கும் போய்ச் சேர்ந்த பெண்கள் நம் பக்கத்தில் இல்லவே இல்லையா? இருக்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், பத்தாங் காலி.

1948 டிசம்பர் 11-ஆம் தேதி, அவசரகாலத்தின்போது, ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவு ஒன்று அங்கிருந்த ரப்பர் தோட்டக் குடியிருப்பைச் சுற்றி வளைத்தது. அங்கே இருந்தவர்கள் சீனத் தொழிலாளர்கள். ஆண்களையும் பெண்களையும் பிரித்தார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் லாரியில் ஏற்றினார்கள். மறுநாளுக்குள் 24 ஆண்கள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். மயங்கி விழுந்த ஒருவர் மட்டும் பிழைத்தார். தப்பி ஓட முயன்றபோது சுட்டோம் என்றது அரசு. அடுத்த மாதமே, தப்பி ஓடுபவரைத் தடுக்கச் சுடலாம் என்று ஒரு விதியைக் கொண்டுவந்து, அதை முன்தேதியிட்டும் செல்லுபடியாக்கினார்கள்.

1970-ல் ‘த பீப்பிள்’ பத்திரிகையிடம் சில சிப்பாய்களே, அது தப்பி ஓடிய கதை இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். லண்டன் போலீஸ் விசாரணை தொடங்கியது. அதே ஆண்டு ஆட்சி மாறியதும் விசாரணை நின்றது. 1992-ல் பி.பி.சி. ஆவணப்படம். 1993-ல் கிராமத்து மக்களே மகாராணிக்கு மனு அனுப்பி, மலேசியப் போலீசிலும் புகார் கொடுத்தார்கள். கணவனைப் பறிகொடுத்தவர்களின் சாட்சியம் அப்போதுதான் ஏட்டில் ஏறியது. அவர்களோடு தாம் யோங். சம்பவத்தின்போது அவருக்கு 17 வயது. கொல்லப்பட்டவர்களில் அவருக்கு நிச்சயம் செய்திருந்தவரும் ஒருவர். 2010-ல் இறக்கும்வரை, கேட்டவர்களுக்கெல்லாம் அதே சாட்சியைச் சொன்னார். அவருக்குப் பின் குடும்பத்தார் லண்டன் நீதிமன்றம் ஏறினார்கள்.

தோற்றார்கள். 2015 நவம்பரில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், பொது விசாரணை நடத்த அரசுக்குக் கடமையில்லை என்று 4-க்கு 1 எனத் தீர்ப்பளித்தது. அந்த ஒருவர் லேடி ஹேல், அந்த அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி. 2018-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் கைவிட்டது. ஆனால் 2012-லேயே லண்டன் உயர் நீதிமன்றம், அது திட்டமிட்ட கொலை என்பதை ஆதரிக்கும் சான்று உள்ளது என்று தீர்ப்பில் எழுதிவிட்டது. 64 ஆண்டுகள் கழித்து, கொன்றவர்களின் நாட்டு ஏட்டில், ஒரு வரி. அந்த வரியை இனி யாராலும் அடிக்க முடியாது.

இதைப் படிக்கும்போது எனக்கு ஒருபக்கம் பொறாமையாகவும் இருந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு இடம், தேதி, எண்ணிக்கை எல்லாம் இருந்தன. வழக்குப் போடுவதற்குச் சிப்பாய்களின் வாக்குமூலம் இருந்தது. சயாமுக்குப் போனவர்களின் பெண்டாட்டிகள் ஆயிரம் தோட்டங்களில் தனித்தனியாகச் சிதறிக் கிடந்தார்கள். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டுமான ஒரு வழக்கைத் தன் காலால் நடந்து முடித்தாள். எந்த இருவரும் தங்கள் குறிப்புகளைச் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் எந்த முகாமில், எந்த மாதத்தில், யார் யார் என்று ஒரு பட்டியலே வந்திருக்கும். அந்தப் பட்டியல் 1946-ல் இருந்தது, பெண்களின் வாயில்.

பூட்டி எண்பதுகளில் இறந்தபோது, பிணத்துக்குக் குங்குமம் வைப்பதா கூடாதா என்று முற்றத்தில் சண்டை. ஒரு பெரியவர் கூடாது என்றார். இன்னொருவர், செத்ததற்குச் சான்று எங்கே என்றார். கடைசியில் பாட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டார். தாலியோடுதான் எடுத்தார்கள்.

போன மாதம் பாட்டியை உட்காரவைத்து இதையெல்லாம் எழுதிக்கொண்டேன். ஆலைப் பதிவேடு மாதிரியே கட்டம் போட்டு: சொன்னவர், பார்த்த இடம், காலம், நம்பியதற்குக் காரணம். உங்கள் வீட்டிலும் சயாம் கதை தெரிந்த ஒரு கிழவி இருந்தால், தயவுசெய்து இந்த வாரமே போய் உட்காருங்கள். நாவல் எழுதுவது பிறகு இருக்கட்டும்.

எழுதியதைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு ஒரு திருத்தம் சொன்னார். “ரவாங்குக்கு அம்மா சைக்கிள்ல போகல. நடந்துதான் போச்சு. அத மாத்து.” பதிவேட்டில் மாற்றிவிட்டேன்.