பாலருக்கு எழுதிய பெருமக்கள்

ஔவையாரின் ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் உரக்கச் சொல்லி மனனம் செய்த காலத்திலும் நம் பிள்ளைகளுக்கு நூல்கள் இல்லாமற் போகவில்லை. ஆயினும் அவை அவர்களை நல்வழியில் நிறுத்தும்பொருட்டு எழுந்தனவேயன்றி, அவர்களே ஆசையோடு எடுத்துப் படிக்கும்பொருட்டு எழுந்தவையல்ல. 1826-ல் தாண்டவராய முதலியார் வசனமாக வெளியிட்ட பஞ்சதந்திரமுங்கூட, சென்னைக் கல்விச் சங்கத்தில் தமிழ் பயின்ற ஆங்கிலேய உத்தியோகஸ்தர்களின் தேவையை முன்னிட்டுப் பிறந்ததே.

குழந்தையின் சந்தோஷத்தையே பிரதானமாகக் கருதி எழுதும் மரபு இருபதாம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. பாரதியார் பாப்பாவை நோக்கிப் பாடினார். ஆசிரியத் தொழிலில் பல்லாண்டுகள் கழித்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, பசுவையும் கன்றையும் கிளியையும் எளிய சந்தத்தில் அமைத்தார். அவருடைய ‘மலரும் மாலையும்’ 1938-ல் வெளிவந்தது. அவ்வழியில் வந்தவர், புதுக்கோட்டைச் சீமையில் ராயவரத்தில் 1922-ல் பிறந்த அழ. வள்ளியப்பா. அதே ஊர்க்காரரான வை. கோவிந்தனின் ‘சக்தி’ பத்திரிகைக் காரியாலயத்தில் பணம் வாங்கிக் கணக்கு எழுதும் வேலையில் அமர்ந்த இளைஞரை, அங்கே ஆசிரியராயிருந்த தி.ஜ.ர. எழுதும்படி தூண்டினார். பிறகு இந்தியன் வங்கியில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, ‘மலரும் உள்ளம்’ முதலாகப் பாட்டும் கதையுமாக எழுதிக் குவித்த அவர், தாம் ஒருவர் எழுதினால் போதாதென்று கண்டு, 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றுவதற்கும் முன்நின்றார்.

பத்திரிகைகளும் துணைக்கு வந்தன. நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947-ல் தொடங்கிய ‘அம்புலிமாமா’வில், உருவிய வாளை ஒரு கையில் ஏந்தி, வேதாளம் புகுந்த பிரேதத்தைத் தோளில் சுமந்து மயானத்து இருளில் நடக்கும் விக்கிரமாதித்தனைச் சங்கர் தீட்டிய சித்திரத்தைக் கண்ட பிள்ளை, அடியிலுள்ள எழுத்துகளை அறியாமல் எப்படி உறங்கும்? என் மகள் அந்தப் பக்கத்தை மடியில் விரித்து, விரலை வரியின்மேல் நகர்த்தி, கூட்டெழுத்தில் தடுக்கி, மேலே என்ன நடந்ததென்று அறியும் அவசரத்தில் தானே மறுபடி கூட்டிப் படித்ததைக் கண்டபோது, எந்த உபாத்தியாயரும் பிரம்பால் சாதிக்க இயலாததை ஒரு கதை சாதித்துவிட்டது என்பதை உணர்ந்தேன்.

கதையால் விழித்த ஆவலுக்கு அறிவு உணவாக வேண்டுமென்று கருதியவர் பெ. தூரன். அவரை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, தமிழ் வளர்ச்சிக் கழகம் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது.

இவர்களில் பலர் பிழைப்புக்கு வேறு தொழில் செய்து, ஓய்வு நேரத்தைப் பாலருக்கென்று கொடுத்தவர்கள். அவர்கள் எழுதி வைத்ததை வாங்கி அலமாரியில் அடுக்கிவிட்டு, பிள்ளை படிக்கவில்லையே என்று குறைப்படுவதில் நியாயமில்லை. இராச் சாப்பாடு முடிந்ததும் பெற்றோர் தாமே ஒரு கதையை வாய்விட்டுப் படிக்க வேண்டும். சுவையான கட்டத்தில் நிறுத்தி, மிச்சத்தைப் பிள்ளை கையில் கொடுத்துவிட வேண்டும். கதை முடிந்தவுடன் நீதி என்னவென்று பரீட்சை வைக்கலாகாது. எழுத்தாளர் தம் கடமையைச் செவ்வனே செய்திருக்கிறார்கள். எஞ்சிய பாதி வீட்டிலிருக்கும் நம்முடையது.