தூக்குமேடையான பள்ளிக்கூடம்

கென்யா நாட்டின் தலைநகராம் நைரோபிக்கு வடக்கே, காப்பியும் தேயிலையும் செழித்து வளரும் கியாம்புச் சீமையில், கீதுங்குரி என்றோர் ஊர் உண்டு. 1939இல் அந்த ஊரில் ஒரு கல்லூரி எழுந்தது. 1952க்குப் பிறகு அதே இடத்தில் ஒரு தூக்குமரம் எழுந்தது. ஏடு ஏந்தி இளைஞர்கள் நடந்த வளாகத்திற்குள் விலங்கு பூட்டிய மனிதர்களை இழுத்து வந்தனர். பாடம் சொன்ன இடத்தில் தண்டனை சொன்னார்கள். கரும்பலகையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கயிற்றைத் தொங்கவிட்டது ஏகாதிபத்தியம்!

ஏழைப் பிள்ளையின் படிப்புக்குப் பொருள் கொடுப்பது பற்றி எழுதப் புகுந்த நாம், தூக்குமரத்திலிருந்து தொடங்குவானேன் என்று தோழர்கள் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. கொடுத்தவரின் பெருமையைக் கேட்டுக் கேட்டுப் பழகிய செவி நம்முடையது. இன்னார் இத்தனை பிள்ளைகளைப் படிக்க வைத்தார், இன்னார் இத்தனை பேருக்குச் சம்பளம் கட்டினார் என்ற புகழுரைகளுக்குக் குறைவில்லை. அந்தப் பிள்ளையின் தந்தையிடம் ஏன் காசில்லை, அவன் பாட்டன் படிக்க முயன்றபோது கதவைச் சாத்தியவர் யார் என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை. கென்யாவின் கதை அதைக் கேட்க வைக்கிறது.

நிலத்தைப் பறித்தது முதல் படி. நல்ல விளைநிலம் 'வெள்ளையர் மேட்டுநிலம்' ஆயிற்று. அந்த மண்ணுக்கு உரியவன் அதே மண்ணில் கூலியானான். குடிசைக்கு வரி, தலைக்கு வரி. வரி கட்டக் காசு வேண்டும். காசு வேண்டுமானால் வெள்ளையன் தோட்டத்திற்குப் போகவேண்டும். 1920ஆம் ஆண்டை ஒட்டி, பதினாறு வயது நிரம்பிய ஆப்பிரிக்க ஆடவன் ஒவ்வொருவனும் 'கிப்பாண்டே' என்னும் அடையாளச் சீட்டை உலோகக் கூட்டிலிட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரியவேண்டும் என்ற நிலை வந்தது. மாட்டுக்கு மணி, மனிதனுக்குச் சீட்டு!

பள்ளிகளும் நிறம் பார்த்தே நடந்தன. வெள்ளையர் பிள்ளைக்கு ஒன்று, இந்தியர் பிள்ளைக்கு ஒன்று, ஆப்பிரிக்கர் பிள்ளைக்கு ஒன்று. மேல்படி, நடுப்படி, கீழ்ப்படி! நடுப்படியில் அமர்ந்திருந்தவர் நம் நாட்டிலிருந்து போனவர்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. கீழ்ப்படிப் பிள்ளைகளுக்குக் கிடைத்த கல்வி பெரும்பாலும் பாதிரிமார் கையில் இருந்தது. எழுத்தும் எண்ணும் கற்பித்தனர், உண்மை. கூடவே மதமும் பணிவும் கற்பித்தனர்.

1929இல் முறிவு வந்தது. கிகுயூ மக்களிடையே பெண்ணின் உறுப்பைச் சிதைக்கும் சடங்கு ஒன்று இருந்தது. அதைக் கைவிடுவதாக உறுதி கொடுத்தால்தான் பள்ளியில் இடம் என்றது ஸ்காட்லாந்துத் திருச்சபை. மக்கள் சினந்தெழுந்தனர், பிள்ளைகளை வெளியே அழைத்துக்கொண்டு தாங்களே பள்ளிகளைக் கட்டினர். இந்த இடத்தில் நாம் வழுக்கிச் செல்ல விரும்பவில்லை. அந்தச் சடங்கு கொடியது. பகுத்தறிவுள்ள எவரும் அதற்குப் பரிந்து பேச முடியாது. விடுதலை பெற்ற கென்யாவே 2011இல் சட்டம் இயற்றி அதைத் தடுத்தது. கேடான வழக்கத்தைக் காக்கவும் அந்த மக்கள் எழுந்தனர். தம் பிள்ளையின் கல்வியை அயலான் கையிலிருந்து மீட்கவும் எழுந்தனர். முன்னதைக் கண்டிப்போம். பின்னதை எப்படி மறுப்பது? நிலமிழந்தவர், வரியால் நைந்தவர், கூலி வேலையில் மிஞ்சிய செல்லாக்காசு போன்ற சில்லறையைச் சேர்த்து ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தனர். சீமான் ஒருவரும் அங்கே இல்லை. ஏழைதான் ஏழையைப் படிக்க வைத்தான்.

பள்ளிகள் பெருகின, ஆசிரியருக்குப் பஞ்சம் வந்தது. அப்போது ம்பியூ கொய்னாங்கே என்பார் அமெரிக்காவிலிருந்து திரும்பினார். கிகுயூத் தலைவர் ஒருவரின் மகன். 1927இல் கடல் கடந்தவர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். (பரோடா அரசின் உதவித்தொகையோடு 1913இல் அண்ணல் அம்பேத்கர் நுழைந்ததும் அதே கொலம்பியாதான். தாழ்த்தப்பட்டோர் உலகெங்கும் ஒரே வாயிலைத் தட்டியிருக்கிறார்கள் போலும்!) பட்டம் பெற்று வந்தவருக்கு ஆட்சியாளர் உரிய மதிப்பளித்து வேலை தரவில்லை, வெள்ளையருக்கு ஒரு சம்பளம், கறுப்பருக்கு ஒரு சம்பளம் என்ற காலம் அது. கொய்னாங்கே மக்களிடம் போனார். ஆசிரியர்களைப் பயிற்றும் கல்லூரி ஒன்றைக் கீதுங்குரியில் கட்ட முனைந்தார்.

பணம்? இங்கேதான் நமக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. கிகுயூ மக்களிடையே 'ரீக்கா' என்றொரு முறை உண்டு. ஒரே பருவத்தில் ஆளான அனைவரும் ஓர் அணி. அணிக்கென்று ஒரு பெயர். அந்தத் தோழமை சாகும்வரை நீடிக்கும். அந்த அணிகளிடம் கொடை கேட்கப்பட்டது. முதியோர் அணி இவ்வளவு கொடுத்தது என்றால் இளையோர் அணி அதை விஞ்சியது. பெண்கள் சும்மா இருந்தார்களா? மாணவியர் தங்க விடுதி வேண்டுமென்று அவர்களும் நிதி திரட்டினர். பத்து ஆண்டுக்கு முன் பெண்ணின் உடலைச் சிதைக்கும் வழக்கத்துக்காகச் சண்டையிட்ட சமுதாயம், பெண் படிப்பதற்கு விடுதி கட்டியது. பழமையை ஆயிரம் சொற்பொழிவு அசைக்காத இடத்தில் ஒரு பள்ளிக்கூடம் அசைக்கும்.

1946இல் நாடு திரும்பிய ஜோமோ கென்யாட்டா பின்னர் அந்தக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1952 அக்டோபர் 20இல் நெருக்கடி நிலை சாற்றப்பட்டது, கென்யாட்டா சிறைப்பட்டார். மௌ மௌ கிளர்ச்சிக்கு விளைநிலம் என்று குற்றஞ்சாட்டி மக்கள் பள்ளிகளை மூடினர். கீதுங்குரி வளாகத்தில் வழக்குமன்றமும் தூக்குமேடையும் வந்தன. அந்தக் கிளர்ச்சிக் காலத்தில் நாடெங்கும் தூக்கிலிடப்பட்டோர் தொகை 1,090 என்று வரலாற்று ஆய்வு கூறுகிறது. காசு சேர்த்துக் கட்டிய கட்டடத்தைக் காசு கொடுத்தவனுக்கே கொலைக்களமாக்கிய கொடுமையை என்னென்பது!

எனினும் படிப்பின்மேல் கொண்ட வேட்கையைத் தூக்கிலிட முடியவில்லை. டாம் ம்போயா என்ற இளந்தலைவர் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று கல்லூரி இடங்களையும் உதவித்தொகைகளையும் கேட்டுப் பெற்றார். பந்தாட்ட வீரர் ஜாக்கி ராபின்சன், பாடகர் ஹாரி பெலஃபான்டே, நடிகர் சிட்னி பாய்ட்டியர் ஆகிய கறுப்பினக் கலைஞர்களும் வீரர்களும் நிதி வேண்டிக் கையொப்பமிட்டனர். 1959 செப்டம்பரில் 81 மாணவர்கள் ஒரே வானூர்தியில் புறப்பட்டனர்; அடுத்த சில ஆண்டுகளில் அந்தத் தொகை எண்ணூறை நெருங்கியது. 1960இல் சென்ற வங்காரி மாத்தாய் என்ற சிற்றூர்ப் பெண் 2004இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றார்.

1963 டிசம்பர் 12இல் விடுதலை வந்தது. 'ஹரம்பே!' — எல்லாரும் சேர்ந்து இழுப்போம் — என்ற முழக்கத்தோடு மக்கள் மறுபடியும் பள்ளி கட்டினர். ஆனால் கொடி மாறியதே தவிரக் கட்டணம் போகவில்லை. சம்பளம் கட்டாத பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் சுயராச்சியத்திலும் தொடர்ந்தது.

அப்படி வீட்டில் முடங்கியிருக்க வேண்டிய பிள்ளைகளில் ஒருவன் கிறிஸ் ம்பூரு. அதே கியாம்புச் சீமை. காப்பித் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். 1970களில் சுவீடன் நாட்டிலிருந்து யாரோ ஒரு பெண்மணி, பருவத்துக்கு ஏறத்தாழ 15 டாலர் வீதம் அவன் படிப்புக்கு அனுப்பிவந்தார். ஹில்டே பேக் என்ற பெயர் மட்டும் சிறுவனுக்குத் தெரியும். படித்தான்; நைரோபிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றான்; ஹார்வர்டுக்குச் சென்றான்; ஐக்கிய நாடுகள் அவையில் மனித உரிமை வழக்கறிஞரானான். இனப்படுகொலைகளையும் இனவேற்றுமைக் கொடுமைகளையும் ஆராய்வது அவர் பணியாயிற்று. (இனி 'அவர்' என்பதுதானே முறை!)

வளர்ந்தபின் அவர் தம்மைப்போன்ற பிள்ளைகளுக்காக ஓர் உதவி நிதி தொடங்கினார். அதற்கு அந்தப் பெண்மணியின் பெயரையே சூட்டினார். சுவீடன் தூதரகத்தின் துணையோடு ஆளையும் தேடிப் பிடித்தார். பெருஞ்செல்வச் சீமாட்டியாக இருக்கக்கூடும் என்று எண்ணியிருந்தவருக்கு வியப்பு காத்திருந்தது. அந்த அம்மையார் மாளிகைக்காரர் அல்லர். சிறு குழந்தைகளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியை! அதனினும் பெரிய செய்தி பிறகு வந்தது. ஹில்டே பேக் செருமனியில் பிறந்த யூதர். இட்லர் ஆட்சியில், யூதராய்ப் பிறந்த குற்றத்துக்காகப் பள்ளிப் படிப்பு பறிபோனவர். 1938 நவம்பர் 15ஆம் நாள் யூதப் பிள்ளைகளைச் செருமானியப் பள்ளிகளிலிருந்து அறவே வெளியேற்றும் ஆணை பிறந்த காலம் அது. இளமையிலேயே சுவீடனில் அடைக்கலம் புகுந்தார். பெற்றோருக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. நாஜி முகாம்களில் மாண்டனர்.

பிறப்பைக் காட்டிப் படிப்பைப் பறிப்பது என்றால் என்ன என்று இந்த நாட்டில் நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. அந்த வலி அறிந்த ஒரு கை, கண்காணாத கறுப்பினச் சிறுவனுக்கு மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு கூறு எடுத்து வைத்தது. தலைவிதி என்று விடவில்லை. சொர்க்கத்தில் இடம் கேட்கவில்லை. அவன் வாழ்நாளெல்லாம் எந்தக் கொடுமையோடு போராடினானோ அதே கொடுமையால் அவரும் அடிபட்டவர் என்பது, கொடுத்தவருக்கும் தெரியாது, பெற்றவனுக்கும் தெரியாது. 'ஒரு சிறு செயல்' என்ற பொருள்பட ஆங்கிலப் பெயரிட்டு 2010இல் இந்தக் கதை திரைப்படமாயிற்று. அம்மையார் 2021இல் மறைந்தார்.

நாம் பணியாற்றும் பள்ளிக்கும் ஒரு முறை கொடையாளி ஒருவர் வந்தார். ஒரு பிள்ளைக்கு ஓராண்டுச் செலவு முழுவதும் ஏற்பதாகச் சொன்னார். நல்லெண்ணம்தான். விழா வேண்டும் என்றார். மேடையில் பிள்ளை தம் காலைத் தொட்டு வணங்கவேண்டும், படம் எடுக்கவேண்டும் என்றார். அதைக்கூடப் பேசி மாற்றிவிட்டோம். மாற்ற முடியாதது வேறொன்று. தகுதியான பிள்ளைகள் இருவர் இருந்தனர், உதவித்தொகை ஒன்று. அரை மதிப்பெண் வேற்றுமையைக் காட்டி ஒருத்தி பெயரை எழுதினோம். மற்றவள் மறுநாள் வகுப்பில் வழக்கம்போல் முன்வரிசையில் உட்கார்ந்து நம் முகத்தைப் பார்த்தாள். கொடையாளிக்கு அந்த முகம் தெரியாது. ஆசிரியனுக்குத் தெரியும்.

ஹில்டே பேக் பெயரால் அமைந்த நிதிக்கும் இதே இடர்ப்பாடு. 2023 வரை நடந்த தொடக்கப்பள்ளி முடிக்கும் தேர்வில் ஏழைப் பிள்ளைகள் எத்தனையோ பேர் முயன்றனர். ஒரு மதிப்பெண் எல்லைக்கு இப்பால் நின்றவருக்கு வாழ்வு. அப்பால் நின்றவருக்குக் காப்பித் தோட்டம். தனி மனிதரின் கொடை எத்துணைத் தூயதாயினும் ஒருவரைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆகவேண்டும்; தேர்ந்தெடுக்காமல் அனைவரையும் உள்ளே விடக்கூடியது அரசு ஒன்றே. அதனால் கொடுப்பவரைக் கையைக் கட்டிக்கொள்ளச் சொல்லுகிறோமா? இல்லை. அரசு விழிக்கும்வரை முன்வரிசைப் பிள்ளை காத்திருக்க மாட்டாள்; அவளுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. கொடுப்போம். கொடுக்கும்போதே கட்டணத்தை ஒழிக்கவும் குரல் கொடுப்போம். இரண்டில் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதற்கு விலக்குக் கேட்பவரிடம் நமக்கு உடன்பாடில்லை.

கென்யாவில் 2003இல் தொடக்கக் கல்விக் கட்டணம் ஒழிந்தது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் புதிதாகப் பள்ளிக்கு வந்து குவிந்தனர். உட்காரப் பலகை இல்லை. ஒரே வகுப்பில் நூறு பேர் நெருங்கிய பள்ளிகளும் உண்டு. இத்தனை பேரும் முன்நாள்வரை எங்கே இருந்தார்கள்? 'படிப்பில் நாட்டமில்லாதவர்கள்' என்று அவர்களைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருந்தனர்! 2008இல் உயர்நிலைப் பள்ளிகளின் கற்பிப்புக் கட்டணத்தையும் அரசு ஏற்றது. விடுதிச் செலவும் சீருடையும் இன்னும் பெற்றோர் தலையில்தான்.

அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக, 2004 சனவரியில், எல்டோரெட் நகரத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றின் வாயிலில் ஒரு கிழவர் வந்து நின்றார். பெயர் கிமானி மருகே. வயது எண்பத்து நான்கு. கட்டணம் இல்லை, எவரும் சேரலாம் என்று அறிவித்தீர்களே, என்னையும் சேருங்கள் என்றார். முழங்காலளவு காற்சட்டை, நீண்ட காலுறை, கையில் ஊன்றுகோல். முதல் வகுப்பில் குழந்தைகள் நடுவே அமர்ந்து அகரம் எழுதினார். மௌ மௌ போராட்டத்தில் நின்றவர் அவர். கீதுங்குரியில் கரும்பலகையைக் கழற்றிய கைகளை எதிர்த்து நின்ற தலைமுறை. படிக்க ஏன் வந்தீர் என்று கேட்டவர்களிடம் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று நமக்கு மிகவும் பிடித்தது: கோயிலில் பாதிரியார் படித்துச் சொல்வது, வேதப் புத்தகத்தில் உள்ளபடிதானா என்று தாமே படித்துப் பார்க்கவேண்டுமாம்!

2005இல் ஐக்கிய நாடுகள் அவை கூடிய நியூயார்க்குக்குச் சென்று, ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாக் கல்வி வேண்டுமென்று பேசிவிட்டு வந்தார். 2007 இறுதியில் தேர்தலை ஒட்டி மூண்ட கலவரத்தில் வீடிழந்து முகாமில் கூடாரம் ஒன்றில் தங்கினார். அங்கிருந்தும் பள்ளிக்கு நடந்தார். 2009இல் இறந்தபோது தொடக்கப்பள்ளிப் படிப்பை அவர் முடித்திருக்கவில்லை.